முழம் போட்டுக் குடித்த கஞ்சி

மில்லைப் பூட்டப் போகிறார்கள் என்ற பேச்சு முதலியார்பேட்டைக்கு எப்போதும் வெயிலோடு சேர்ந்துதான் வரும். மாசி பிறந்து வேப்பமரம் இலை உதிர்க்கத் தொடங்கினால் போதும், டீக்கடையில் யாராவது ஒருவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "இந்த வருசம் சங்கு ஊதாதுப்பா" என்பார். சில வருஷம் அது வெறும் பேச்சாகவே போய்விடும். சில வருஷம் உண்மையிலேயே சங்கு ஊதாது. அந்த மாதிரிக் காலையில் தெரு முழுக்க எப்படி எழுந்திருப்பது என்று தெரியாமல் பாயிலேயே புரண்டுகொண்டிருக்கும்.

எண்பத்தோராம் வருஷம் அந்தப் பேச்சு பொங்கல் முடிந்த கையோடு வந்துவிட்டது. குழாயடியில் அதைக் கேட்ட சொர்ணம் குடத்தை இடுப்பில் தூக்கி வைத்தபடியே ஒரு முடிவுக்கு வந்தாள். மில்லைப் பூட்டினால் பூட்டிக்கொள்ளட்டும். ஆனால் இந்தத் தடவை நெல்லித்தோப்புக்கு மூட்டை கட்டுவதில்லை.

நெல்லித்தோப்பில் அவள் புருஷன் ஜானகிராமனின் தங்கை ஆதிலட்சுமி வீடு இருந்தது. ஆதிலட்சுமியின் புருஷன் ராமதாஸுக்குக் கொம்யூன் ஆபீசில் சர்க்கார் வேலை. யார் எதைப் பூட்டினாலும் அவனுக்குச் சம்பளம் வந்துவிடும். போன தடவை மில் மூடியபோது, "ரெண்டே பேரு, எங்க கூட இருந்துட்டுப் போங்களேன்" என்று ஆதிலட்சுமியே வந்து கூட்டிக்கொண்டு போனாள். கூப்பிட்டதில் குறை சொல்ல முடியாது. சோற்றிலும் குறை சொல்ல முடியாது. ஆனால் சொர்ணம் இரண்டாம் தரம் சோறு கேட்கும்போதெல்லாம் சோற்றுப் பானையின் மூடி டங்கென்று ஒரு சத்தம் போடும். "மெல்லச் சாப்புடு அண்ணி, அவசரமில்ல, மில்லு இன்னும் தொறக்கல" என்று ஆதிலட்சுமி சொல்லுவாள். வாசலில் யார் வந்து நின்றாலும், "எங்க அண்ணன், அண்ணி. மில்லு தொறக்கற வரைக்கும்" என்று அறிமுகம் நடக்கும். சோறு நிறைந்த அந்த வீட்டில்தான் சொர்ணம் இளைத்துப் போனாள். ரவிக்கைகளையெல்லாம் பிடித்துத் தைக்க வேண்டியிருந்தது.

ஜானகிராமனுக்கு இது எதுவும் தெரியாது. மில் சத்தத்தில் பாதிக் காது போயிருந்தது. மீதிக் காதைத் தனக்குப் பிடித்ததைக் கேட்பதற்கு மட்டும் வைத்திருந்தான்.

"இன்னாங்க, இந்த வாட்டி நாமளே பயிர் வெச்சு, நாமளே காய வெச்சு, நம்ம வூட்லயே இருந்துடலாம்" என்றாள் சொர்ணம்.

"பயிரா? எங்க?"

"பின்னாடிதான்."

பின்னால் என்பது ஒரு கட்டிலை விரித்தால் நிரம்பிவிடுகிற இடம். ஜானகிராமன் இடுப்பில் கை வைத்து அதை மேலும் கீழும் பார்த்தான். அவன் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சத்தைப் பார்த்த அன்றே சொர்ணம் கொஞ்சம் பயந்திருக்க வேண்டும்.

இரண்டு வாரத்தில் அந்த இடத்தில் கத்திரி, கொத்தவரை, அவரை, மிளகாய் எல்லாம் தோளோடு தோள் இடித்துக்கொண்டு முளைத்தன. அடுப்படிக் கூரைக் கீற்றின் மேல் பரங்கிக்கொடி ஏறியது. தண்ணீர்தான் கஷ்டம். குழாயில் காலையில் கொஞ்ச நேரம்தான் வரும். ஜானகிராமன் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தான். குளிக்கிற தண்ணீர் வீணாகக் கூடாது என்று செடிகளுக்கு நடுவிலேயே நின்று குளித்தான். தினம் ஒரு வரிசை. மில்லில் ஷிப்ட் போடுகிற மாதிரி வரிசைக்கு முறை வைத்திருந்தான்.

"சொர்ணம், துண்டு எடு. இன்னிக்கு அவரைக்குக் குளிக்கணும்."

பக்கத்து வீட்டுக் குஞ்சம்மாளுக்கு இதனால் தன் கொல்லைக் கதவைத் திறக்கவே முடியாமல் போயிற்று. அவள் புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து செத்தவர். பென்ஷன் வந்துகொண்டிருந்ததால் தெருவில் அவளை மதாம் என்றுதான் கூப்பிடுவார்கள். "ஏண்டி சொர்ணம், உன் புருசன் எத்தனை மணிக்குக் கத்திரிக்கு, எத்தனை மணிக்கு மொளகாய்க்குன்னு சொல்லிடு. அதுக்கேத்த மாதிரி நான் பாத்திரம் தேய்ச்சுக்கறேன்" என்பாள்.

பரங்கிப் பிஞ்சுகள் கூரையில் உருளத் தொடங்கியதும் ஜானகிராமன் அவற்றுக்கு மில் அதிகாரிகளின் பெயர்களை வைத்தான். வெளுத்து நீண்டது டைம் ஆபீஸர். எப்போதும் இலைக்கு அடியில் ஒளிந்துகொண்டிருந்தது மேஸ்திரி. எல்லாவற்றிலும் பெரிதாக, வயிறு தள்ளி, நடுக் கூரையில் உட்கார்ந்திருந்தது மேனேஜர். ஒருநாள் டீக்கடையில், "எங்க மேனேஜர இன்னும் வெட்டல, ஆனிக்கு மேலதான் வெட்டுவேன்" என்று இவன் சொல்லப் போய், இரண்டு பேர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்கள்.

காய்த்ததில் பாதியை அப்போதே தின்றார்கள். மீதிப் பாதியைச் சொர்ணம் அரிந்து, உப்புப் போட்டு வேகவைத்து, வத்தல் போட்டாள். கொத்தவரை வத்தல், கத்திரி வத்தல், மோர் மிளகாய். மாவடுக்குச் சாடி போதாதென்று குஞ்சம்மாளிடம் காலி ஒயின் புட்டிகளை வாங்கி வந்தான் ஜானகிராமன். ஒவ்வொரு வடுவாகக் கழுத்து வழியாக உள்ளே தள்ளி, உப்புத் தண்ணீர் ஊற்றி, வரிசையாக நிறுத்தினான். பார்க்க அழகாகத்தான் இருந்தது. எடுக்கிற வழியை யாரும் யோசிக்கவில்லை. புட்டியைக் கவிழ்த்தால் எல்லா வடுவும் ஒரே நேரத்தில் வாசலுக்கு வந்து கழுத்தை அடைத்துக்கொள்ளும். குடைக் கம்பியால் குத்தி ஒன்றை வெளியே எடுப்பதற்குள் சோறு ஆறிவிடும். "இதுதான் நல்லது. சுலுவா வந்தா சீக்கிரம் தீந்துடும்" என்றான் அவன்.

பங்குனி வெயில் ஏறியதும் கூழ் வடகம் போட வேண்டும் என்று சொர்ணம் நினைத்தாள். காய்கறி வத்தல் தொட்டுக்கொள்ளத்தான் ஆகும். வயிறு நிரம்புவதற்கு அரிசி வேண்டும். வீட்டில் இருந்த பச்சரிசி அத்தனையையும் ஊறவைத்து, ஆட்டி, உப்பும் பச்சை மிளகாயும் சீரகமும் எலுமிச்சம் சாறும் சேர்த்து ஒரு பெரிய அண்டா நிறையக் கூழ் காய்ச்சினாள். பொங்கலுக்கு வந்த எட்டு முழ வேட்டிகள் நாலை நனைத்துப் பிழிந்து வைத்தாள். கருவாடு வாங்குவதற்காகப் பிள்ளைச்சாவடிக்குப் போக வேண்டியிருந்தது. அங்கிருந்து கூடையோடு தெருவுக்கு வருகிற சின்னப்பொண்ணு, "நேரா வூட்டுக்கு வந்துடு அக்கா, நல்லதா பொறுக்கிக் குடுக்கறேன்" என்று சொல்லியிருந்தாள். அன்றைக்கு ஜானகிராமனுக்கு வார ஓய்வு.

"வேட்டிய விரிச்சி, கரண்டியால கொஞ்சம் கொஞ்சமா ஊத்திவுடுங்க. வேற ஒண்ணும் செய்யாதீங்க" என்று சொல்லிவிட்டு அவள் கிளம்பினாள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஜானகிராமன் மில்லில் சைசிங் பிரிவில் இருந்தான். நெசவில் நெடுக்காக ஓடுகிற பாவு நூல் தறியில் அறுந்துவிடாமல் இருக்க அதற்குக் கஞ்சி போடுவதுதான் அந்தப் பிரிவின் வேலை. கஞ்சி நூலோடு ஒட்ட வேண்டும். ஒட்டினால் விடக் கூடாது. விட்டால் மேஸ்திரி கத்துவார். கஞ்சி காய்ச்சுவதில் அந்தப் பிரிவிலேயே கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியவன் அவன்.

அப்படிப்பட்டவனிடம் ஒரு அண்டா கஞ்சியையும் நாலு வேட்டியையும் கொடுத்துவிட்டுப் போனால் என்ன ஆகும்?

முதலில் அவன் கூழை விரலால் தொட்டுப் பார்த்தான். கெட்டி. இப்படிக் கஞ்சி காய்ச்சினால் மில்லில் அன்றைக்கே சீட்டுக் கிழித்துவிடுவார்கள். கொதிநீர் ஊற்றி இளக்கினான். இளகியதும் பிடிமானம் போதாது என்று பட்டது. புளியங்கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி இடித்த மாவு ஒரு டப்பா நிறைய வீட்டில் இருந்தது. பஞ்சத்துக்கு ஆகும் என்று அவனே இடித்து வைத்ததுதான். நூல் கஞ்சிக்கு அதைவிட நல்ல பிடிமானம் உலகத்தில் இல்லை. டப்பாவை அப்படியே கவிழ்த்துக் கிண்டினான். பிறகு கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பார்த்தான். நடுவில் எவ்வளவு வேட்டி வீணாகப் போகிறது! தேங்காய் நார் மட்டையை எடுத்தான். நாலு வேட்டியிலும் முனை முதல் முனை வரை, ஒரு இழை விடாமல், மேலும் கீழும், ஒரே சீராகத் தடவி வெயிலில் கட்டினான்.

சாயங்காலம் சொர்ணம் கருவாட்டுப் பையோடு வந்தபோது அவன் வாசலிலேயே நின்றிருந்தான்.

"வந்து பாரு. உங்க அம்மாவாலகூட இப்படிப் போட முடியாது."

வேட்டிகள் கொடியில் பலகை மாதிரி நின்றன. காற்று அடித்தது. ஒன்றுகூட அசையவில்லை. சொர்ணம் ஒன்றும் புரியாமல் ஒரு வேட்டியைத் திருப்பி, வழக்கம்போலப் பின்பக்கம் தண்ணீர் தெளித்து, நகத்தால் கிள்ளினாள். வரவில்லை. இன்னொரு மூலையில் கிள்ளினாள். நகம்தான் ஒடிந்தது.

"வடகம் உரிய மாட்டேங்குது."

"உரியாது" என்றான் ஜானகிராமன் பெருமையாக. "எப்படி உரியும்? இழு பாக்கலாம். தறியில போட்டு அடிச்சாலும் உரியாது."

சொர்ணம் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல மெல்ல இறங்கியது. கடைசியாக ஒரு ஓரத்தில் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

"உரியணுமா?" என்றான்.

வெகு காலம் கழித்து, ஒற்றை ஆளுக்கு உலை வைக்கிற நாட்கள் வந்த பிறகும், அந்த ஒரு வார்த்தையை நினைத்துச் சொர்ணம் அடுப்படியில் தனியாகச் சிரித்திருக்கிறாள். அன்றைக்குச் சிரிக்கவில்லை. வீட்டு அரிசி முழுவதும் வேட்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. நெல்லித்தோப்பே தெருமுனை வரைக்கும் வந்துவிட்ட மாதிரி இருந்தது அவளுக்கு. படியில் உட்கார்ந்து அழுதாள். கொடியிலிருந்து எடுத்து வந்த ஒரு வேட்டி சுவரில் சாயாமல் தன் காலிலேயே நின்றது. குஞ்சம்மாள் எட்டிப் பார்த்து, "ஜானகிராமா, உன் வேட்டி நிக்குது, நீ எங்கடா?" என்றாள்.

ஜானகிராமன் இரண்டு நாள் அந்த வேட்டிகளையே சுற்றிச் சுற்றி வந்தான். மூன்றாம் நாள் வேலை விட்டு வந்ததும் கத்தரிக்கோலை எடுத்து, நிற்கிற வேட்டியிலிருந்து ஒரு முழம் வெட்டினான்.

"இன்னா பண்றீங்க? இருக்கறதும் போவட்டும்னா?"

"நாங்க போட்ட கஞ்சிய எடுக்கறதுக்கு மில்லுல தனியா ஒரு பிரிவு இருக்குது. இன்னிக்குப் போய்க் கேட்டுக்கினு வந்தேன். துணிய நெசவு முடிஞ்சதும் புளிச்ச தண்ணில போட்டு ஊற வெச்சி, கொதிக்க வுடறாங்க. கஞ்சி தன்னால எறங்குதாம்."

பானையில் புளித்த மோரும் தண்ணீரும் ஊற்றி, துணியை ஊறப்போட்டு, அடுப்பில் வைத்தார்கள். கொதி வந்தது. துணி முதலில் விறைத்துக்கொண்டு நின்றது. பிறகு மடங்கியது. பிறகு பாயில் விழுந்த ஆள் மாதிரித் தளர்ந்து படுத்தது. தண்ணீர் வெளுத்துக் கெட்டியாயிற்று. கரண்டியால் எடுத்து ஊதிக் குடித்துப் பார்த்தான். உப்பு, மிளகாய், சீரகம் எல்லாம் இருந்தன. முழுசாக ஒரு பானைக் கஞ்சி.

"எப்படி இருக்குது?" என்றாள் சொர்ணம்.

"புதுத்துணி வாசனை அடிக்குது. தீபாவளி மாதிரி இருக்குது" என்றான் அவன்.

அவளும் குடித்தாள். நன்றாகத்தான் இருந்தது. பிழிந்து காயப்போட்ட முழத் துணி கைக்குட்டைக்கு ஆயிற்று. மீதி வேட்டிகளை மில்லில் பாவு சுற்றுகிற மாதிரி ஒரு மூங்கிலில் சுற்றி, எலி ஏறாமல் இரண்டு பக்கமும் கொட்டாங்கச்சி கோத்து, உத்தரத்தில் தொங்கவிட்டான். வேண்டும்போது இழுத்து, முழம் போட்டு, வெட்டிக்கொள்ளலாம்.

ஆனி மாதம் மில்லைப் பூட்டினார்கள்.

சொர்ணத்துக்கு முதல் வாரம் திருவிழா மாதிரி இருந்தது. தெருவில் எல்லோரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டிருக்க, இவள் வீட்டில் வத்தக்குழம்பு மணந்தது. டைம் ஆபீஸர் கூட்டாகிப் போனார். மேஸ்திரியைப் பொரியல் செய்தார்கள். மேனேஜரை வெட்டிய அன்று ஜானகிராமன் சங்கத்து ஆட்களைக் கூட்டி வந்து, ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்து அனுப்பினான். கோஷம் போட்டதைவிட அன்றைக்குத்தான் தங்களுக்கு மனசு ஆறியது என்று அவர்கள் சொன்னார்கள். இந்த மாதிரிக் கொடுத்தும், கருவாட்டைப் பூனைக்குப் பறிகொடுத்தும் கையிருப்பு குறைந்தது. ஆவணி வந்தபோது காலையும் மதியமும் வேட்டிதான். கொல்லையில் காய்த்தது தொட்டுக்கொள்ள. இருந்தாலும் சொந்த வீடு, சொந்தப் பானை. இரண்டாம் தரம் ஊற்றிக்கொள்ள யாரையும் கேட்க வேண்டியதில்லை.

அப்படி ஒரு நாள் முற்பகலில், சொல்லாமல் கொள்ளாமல், டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள் ஆதிலட்சுமி.

"அண்ணி! இன்னா இப்படிக் கறுத்துப் போயிட்ட? எங்க அண்ணன் எங்க?"

"மில்லு வாசல்ல உக்காந்திருக்காரு. வா ஆதி, உக்காரு."

"உக்காரல்லாம் வரல. உங்க ரெண்டு பேரையும் கூட்டிக்கினு போறதுக்குத்தான் வந்தேன். ரெண்டு துணிய எடுத்து வெச்சிக்க. அண்ணன் வந்ததும் கெளம்பிடலாம்."

தங்கை கூப்பிட்டால் ஜானகிராமன் மறுக்க மாட்டான். போட்ட சட்டையோடு பஸ் ஏறிவிடுவான். ஆதிலட்சுமியை விரட்ட ஒரே வழிதான் இருந்தது. இந்த வீட்டில் சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை என்று அவள் கண்ணாலேயே பார்த்துவிட்டுப் போக வேண்டும்.

"நாங்க இன்னாத்துக்கு வரணும்? இங்க எல்லாம் நெறைய இருக்குது. சாப்புட்டுப் போ. கொல்லையில கத்திரிக்கா பறிச்சுக்கினு வரேன், நீ இங்கயே காத்தாட உக்காந்துரு" என்றாள் சொர்ணம்.

ஆதிலட்சுமியிடம் ஒரு குணம் உண்டு. அடுத்தவர் வீட்டில் ஒரு வேலை பாதியில் கிடப்பதைப் பார்த்தால் அவளுக்குக் கை அரிக்கும். முடித்துவிட்டுத்தான் உட்காருவாள். சொர்ணம் கொல்லைக்குப் போனதும் அவள் அடுப்படிக்குள் எட்டிப் பார்த்தாள். அடுப்பில் ஒரு பானையில் வெள்ளைத் துணி கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்து மாடத்தில் வெள்ளைத் துணிக்குப் போடுகிற நீலப் பொட்டலம் இருந்தது.

சொர்ணம் மடி நிறையக் கத்திரிக்காயோடு திரும்பி வந்தபோது ஆதிலட்சுமி ஒரு கட்டையால் பானையைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"வேட்டிய வேக வெச்சிட்டு அப்படியே போயிட்ட அண்ணி. வெறும் தண்ணில வெச்சா வெளுக்குமா? நீலம் போட்டுட்டேன். ஆனா துணியில எவ்ளோ கஞ்சி! கொழகொழன்னு வருது."

சொர்ணத்தின் மடியிலிருந்து கத்திரிக்காய்கள் உருண்டன.

"ஐயோ, சோத்துல நீலத்தப் போட்டுட்டியே!"

சொல்லிய பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது.

ஆதிலட்சுமி பானையைப் பார்த்தாள். வானம் மாதிரி ஒரு நீலத்தில் கஞ்சி பொங்கிக்கொண்டிருந்தது. அண்ணியைப் பார்த்தாள். நிமிர்ந்து, உத்தரத்தில் கொட்டாங்கச்சிக் காவலோடு தொங்குகிற வேட்டிச் சுருளையும் பார்த்தாள்.

"இதையா குடிக்கிறீங்க?"

இப்போது ஒரு பேச்சு வரும், தெரு முழுக்கக் கேட்கும் என்று உடம்பைக் கெட்டியாக்கிக்கொண்டு நின்றாள் சொர்ணம். பேச்சு வரவில்லை. ஆதிலட்சுமி கட்டையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அவள் மூக்கு சிவந்தது.

"துணிய வேக வெச்சுக் குடிக்கற அளவுக்கு வந்தும் எங்க வூட்டுக்கு வரணும்னு தோணல இல்ல? அப்படி நான் இன்னா செஞ்சேன் அண்ணி?"

எத்தனை வருஷமாக இந்தக் கேள்விக்குப் பதில் தயாராக வைத்திருந்தாள் சொர்ணம்! உலை வைக்கும்போதும் பாத்திரம் தேய்க்கும்போதும் எத்தனை தடவை அதை மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்திருக்கிறாள்! இப்போது வாயைத் திறந்தால் ஒன்றே ஒன்றுதான் வந்தது.

"மூடிய டங்குன்னு வெச்ச."

"இன்னா மூடி?"

"சோத்துப் பானை மூடி. நான் மறுபடி சோறு கேக்கறப்பல்லாம் டங்குன்னு வெப்ப."

"அண்ணி! அது நெளிஞ்ச மூடி. அதும் மேல ஏறி நின்னுதான் உங்க மாப்ள பல்பு மாட்டினாரு. அழுத்தி அடிச்சாத்தான் உக்காரும். எனக்கும் டங்குதான், அவருக்கும் டங்குதான்."

சொர்ணத்துக்கு விட மனசில்லை. "மெல்லச் சாப்புடு, மில்லு இன்னும் தொறக்கலன்னு சொன்னியே?"

ஆதிலட்சுமி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"அது சொன்னேன்" என்றாள். "சிரிக்கறதுக்காகச் சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்களே."

"நான் சிரிக்கல."

"ஆமா. நீ சிரிக்கல" என்றாள் ஆதிலட்சுமி மெதுவாக. "நான்தான் பாக்கல."

இரண்டு பேரும் பானைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். கொதித்துக் கொதித்து நீலக் கஞ்சி பொத்தென்று ஒரு குமிழி விட்டது. ஆதிலட்சுமியின் மூக்கு நுனியில் ஒரு நீலப் பொட்டு விழுந்தது. சொர்ணம் பார்த்தாள். அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை. அவள் சிரிக்கத் தொடங்கியதும் எதற்கென்றே தெரியாமல் ஆதிலட்சுமியும் சிரித்தாள். அந்தச் சத்தத்தில்தான் ஜானகிராமன் உள்ளே வந்தான். தங்கை மூக்கில் நீலம், பெண்டாட்டி கண்ணில் தண்ணீர், பானையில் வானம், தரையெல்லாம் கத்திரிக்காய். எதையும் கேட்டுக்கொள்ள அவனுக்குத் தோன்றவில்லை.

"ஆதி வந்திருக்காளா! சொர்ணம், விருந்தாளி வந்திருக்கு இல்ல? ரெண்டு முழமா வெட்டு" என்று கத்தரிக்கோலை எடுத்தான்.

நீலக் கஞ்சியைக் கொல்லையில் கொட்டினார்கள். குஞ்சம்மாளின் ஆடு வந்து அதை நக்கிவிட்டு, ஒரு வாரம் நீல வாயோடு தெருவில் திரிந்தது. இரண்டு முழம் புதிதாக ஊறி, கொதித்து, கஞ்சி இறங்கியது. கத்திரிக்காயைச் சுட்டுப் பிசைந்தாள் சொர்ணம். ஒயின் புட்டியைத் தலைகீழாகப் பிடித்துக் குடைக் கம்பியால் குத்தி, தங்கைக்காக நாலு மாவடு மீட்டெடுத்தான் ஜானகிராமன். அதற்குள் அவனுக்கு வியர்த்துவிட்டது.

ஆதிலட்சுமி ஒரு வாய் குடித்தாள். யோசித்தாள். இன்னொரு வாய் குடித்தாள். விரலை வாயில் விட்டு எதையோ இழுத்தாள்.

"அண்ணே, உன் கஞ்சில நூலு வருது."

"பாவு நூலா, ஊடை நூலா?"

"எனக்கு இன்னா தெரியும்?"

"பாவு நூலா இருந்தா முழுங்கிடு. நல்ல பலம்."

அவள் மூன்று தடவை வாங்கிக் குடித்தாள். மூன்றாம் தடவை ஊற்றும்போது சொர்ணம் அவள் முகத்தைப் பார்த்தாள். அவள் அண்ணி முகத்தைப் பார்க்காமல் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு, "போதும்... சரி, இன்னும் கொஞ்சம்" என்றாள்.

வெயில் தாழ்ந்ததும் கிளம்பினாள். ஜானகிராமன் செருப்பைத் தேடத் தொடங்கினான். தங்கையோடு போய் நாலு நாள் இருந்துவிட்டு வரலாம் என்பது அவன் முகத்தில் தெரிந்தது. சொர்ணம் அந்தச் செருப்பை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, தான் மட்டும் பஸ் ஏற்றிவிட நடந்தாள். வழியெல்லாம் ஆதிலட்சுமி ஏதேதோ பேசிக்கொண்டு வந்தாள். பஸ் கண்ணில் பட்டதும்தான் கேட்க வந்ததைக் கேட்டாள்.

"நெசமாவே வரலியா அண்ணி?"

"துணி தீரட்டும் ஆதி. அப்புறம் பாக்கலாம்."

"இன்னும் எவ்ளோ இருக்குது?"

"ரெண்டு வேட்டிக்குக் கொஞ்சம் கொறச்சல்."

ஆதிலட்சுமி தலையாட்டினாள். சொர்ணம் எதிர்பார்த்த மாதிரி அவள் கையைப் பிடித்து இழுக்கவில்லை. பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்டக்டர் விசில் அடிக்கிற நேரத்தில் தலையை வெளியே நீட்டினாள்.

"அடுத்த வாரம் வரேன். பச்சரிசி கொண்டாறேன். எங்க வூட்டுக்காரர் வேட்டியும் ஒண்ணு எடுத்தாறேன். நீ காய்ச்சு, எங்க அண்ணனே தடவட்டும். மழைக்கு முன்ன எனக்கும் ஒண்ணு போட்டுக் குடுங்க."

பஸ் நகர்ந்துவிட்டது. சொர்ணம் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடவே நாலு எட்டு ஓடினாள்.

"கரை போட்ட வேட்டி வேணாம்டி! சாயம் எறங்குது!"